அரசாணிக்காய் பிரெட்டும் அரைநாள் கூலியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. அரசாணிக்காய் பிரெட் பற்றிச் சொல்லச் சொன்னதால் வந்து நிற்கிறேன்.

ஆடிப் பட்டத்தில் போட்ட அரசாணிக்கொடி ஐப்பசி, கார்த்திகையில் காயாகக் கொட்டும். அப்போ எல்லார் தோட்டத்திலும் காய் இருக்கும், விலை இருக்காது. எங்க ஊரில் வண்டி வாடகைக்கே கட்டாதுன்னு மாட்டுக்கு வெட்டிப் போட்டவங்க உண்டு. கல்யாணப் பந்தியில் பொரியல், வீட்டில் தட்டைப்பயறு போட்டுக் குழம்பு, அதோட சரி.

என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் இருக்கா. அங்கேயும் அக்டோபர், நவம்பர்தான் இந்தக் காய்க்குக் காலமாம். மரமெல்லாம் இலை உதிர்க்கிற நேரத்தில் வீட்டுக்கு வீடு இந்த பிரெட் சுடுவாங்களாம். செய்முறையை வாட்ஸ்அப்பில் அவள்தான் அனுப்பினாள். இந்தக் காய்க்குப் பிறந்த இடமே அமெரிக்கக் கண்டம்தான். வெள்ளைக்காரர் கப்பலில் வந்ததால்தான் மற்ற ஊரில் பரங்கிக்காய் என்கிறார்கள். நாம அரசாணின்னு பேர் வெச்சு நம்ம காயாவே ஆக்கிட்டோம்.

இந்த பிரெட்டுக்கு ஈஸ்ட் வேண்டாம், மாவு பிசைய வேண்டாம். அதனால்தான் நமக்குச் சரிப்படும். நல்லாப் பழுத்த காயை இட்லிப் பானையில் ஆவியில் வேக வைக்கணும். தண்ணீரில் போட்டு வேகவிட்டால் பிரெட் களி மாதிரி ஆயிடும். மசிச்சு, வெள்ளைத் துணியில் கட்டி நீர் வடிச்சு, ஒரு டம்ளர் விழுது எடுத்துக்கணும். கோதுமை மாவு 220 கிராம், பொடிச்ச வெல்லம் 200 கிராம், எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, தயிர் 2 கரண்டி, ஆப்பசோடா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சுக்கு, ஏலக்காய், பட்டைப் பொடி கொஞ்சம். வெல்லத்துக்கு நமக்குக் கவலையே இல்லை, பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தை பக்கத்திலேயே இருக்கு. முட்டையைப் பற்றி நாமக்கல்காரங்களுக்கு நான் என்ன சொல்ல! மாவு சேர்த்த பிறகு ரொம்பக் கலக்கக் கூடாது, கலக்கினால் ரப்பர் மாதிரி வரும்.

ஓவன் எங்க வீட்டில் இல்லை. அடி கனமான குண்டாவில் இரண்டு விரல் உயரம் கல் உப்பு கொட்டி, பிரிமணை வெச்சு, மூடி, பத்து நிமிஷம் காயவிடணும். அப்புறம் மாவு ஊற்றின தட்டை உள்ளே வெச்சு, சின்னத் தீயில் 50 நிமிஷத்தில் இருந்து ஒரு மணி நேரம். ஈர்க்குச்சி குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வரணும். நல்லா ஆறின பிறகுதான் கவரில் போடணும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, மழைக்காலத்தில் மூணாம் நாளே பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாளுக்கு மேல் வெச்சு விற்காதீங்க.

செய்முறை யாருக்கும் வந்துடும். கணக்கில்தான் எங்க குழுவில் சண்டையே வந்தது.

ஒரு பிரெட்டுக்கு மாவு 12 ரூபாய், வெல்லம் 13, முட்டை 12, எண்ணெய் 15, காயும் சாமானும் 8, கேஸ் 12, கவர் 4. மொத்தம் 76. எல்லாரும் அதோட கோடு போட்டு, 100 ரூபாய்க்கு விற்றால் 24 ரூபாய் லாபம் என்றார்கள். நான், "நம்ம கூலி எங்கே?"ன்னு கேட்டேன். எங்க அத்தையும் அதே குழுதான். "அடுப்படி வேலைக்கு எவன் கூலி குடுத்தான்?" என்றார்கள். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

இரண்டு அடுப்பில் நாலு பிரெட் சுட அரை நாள் ஆகுது. அந்த அரை நாள் களை வெட்டப் போனால் 160 ரூபாய் கையில் வரும். ஒரு பிரெட்டுக்கு 40. அப்போ அடக்கவிலை 116. நூறு ரூபாய்க்கு விற்றால் நம்ம கூலியில் 16 ரூபாயை வாங்கறவங்களுக்குச் சும்மா குடுக்கிறோம். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, சீசன் முழுக்கக் குடுத்தால் எவ்வளவு ஆகும்? அத்தை அன்றைக்கு ஒன்றும் பேசலை. அடுத்த வாரம் அவங்களே நோட்டில் 'கூலி' என்று ஒரு கட்டம் போடச் சொன்னாங்க. இப்போ பத்துத் துண்டு போட்டு, துண்டு 15 ரூபாய்க்குக் குடுக்கிறோம்.

விற்கிறதா இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வாங்கிடுங்க. எங்களை மாதிரிச் சின்னத் தயாரிப்புக்கு அது போதும், நாங்கள் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

ஓவன் வாங்கக் கடன் கேட்கலாமா என்று இரண்டு குழு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டால், இந்த ஐப்பசி, கார்த்திகை குண்டாவிலேயே ஓட்டிப் பாருங்க. தை பிறந்த பிறகும் வாரம் இருபது பிரெட் போகுதான்னு பார்த்துட்டுக் கடனுக்கு எழுதுங்க. காம்போட அறுத்துப் பரணில் வெச்ச காய் இரண்டு மூணு மாசம் தாங்கும், அதனால் காய்க்குப் பஞ்சம் வராது.

பின்னாடி மேசையில் அறுத்து வெச்சிருக்கேன். முதல் துண்டு எல்லாருக்கும் சும்மா. இரண்டாவது துண்டு 15 ரூபாய், அத்தைதான் டப்பா வெச்சு உட்கார்ந்திருக்காங்க.