ஓர் அணுவின் உழைப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை படகில் வந்திறங்கும் டீசலையே மின்னுக்காக நெடுங்காலம் நம்பியிருந்தவை. அங்கு வெயிலாலும் காற்றாலும் மின்னாக்குவதற்கு 2022 இல் இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. 2024 மார்ச்சில் நிர்மாண ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வெயில் மின் 1,700 கிலோவாற்று, காற்று மின் 530 கிலோவாற்று, சேமிப்புக்கு மின்கலங்கள் என்பது திட்டம். எனினும் அதில் 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்களும் துணைக்கு உண்டு. ஏன்? சூரியன் மறையும், காற்று ஓயும், மின்கலமோ சில மணி நேரமே தாங்கும்.

மிஞ்சும் மின்னால் நீரைப் பகுத்து, ஐதரசனைச் சேமித்து, வேண்டியபோது மீண்டும் மின்னாக்கலாம். இதற்கு ஊக்கி வேண்டும். தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்துவதே ஊக்கி. இவ்வேலைக்குச் சிறந்தவை பிளாற்றினமும் இரிடியமும். இரண்டும் அரியவை, இரிடியம் உலகெங்கும் ஆண்டுக்குப் பத்துத் தொன்கூடக் கிடைப்பதில்லை.

உலோகத் துணிக்கையில் மேற்பரப்பு அணுக்களே வேலை செய்கின்றன. தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவரே தேரை இழுக்கிறார். கூட்ட நடுவில் நிற்பவர் வெறுமனே நிற்கிறார். எல்லா அணுவுக்கும் வடத்தில் இடங்கொடுத்தால் என்ன? 2011 இல் சீனாவின் டாலியன் நகரில் சாங் தாவோ குழுவினர் இரும்பொட்சைட்டின்மேல் பிளாற்றின அணுக்களைத் தனித்தனியே இருத்தி, காபனோரொட்சைட்டை ஒட்சியேற்றிக் காட்டினர். ‘தனியணு ஊக்கி’ என்ற பெயரும் அப்போதே வழக்கிற்கு வந்தது.

ஆனால் தனியணு நிலையாக நில்லாது. சோளகக் காற்றில் நங்கூரமில்லாத் தோணிகள் ஒன்றோடொன்று முட்டிச் சேர்வதுபோல், வெப்பத்தில் அணுக்கள் நகர்ந்து திரளும். அமிலத்திற் கரைந்தும் போகும். ஆகவே நங்கூரம் வேண்டும். காபனில் நைதரசனைப் புகுத்தி அதிற் பிணைப்பது ஒரு வழி. 2016 இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்தார், சீரியம் ஒட்சைட்டு 800 பாகை வெப்பத்திலும் பிளாற்றின அணுக்களைப் பிடித்துவைப்பதைக் காட்டினர். நீரைப் பகுக்கும் கலத்திலோ மின்னழுத்தமும் அமிலமும் சேர்ந்து தாக்கும், காபனே அரிக்கப்படும். அங்கு நெடுங்காலம் நிலைத்தலே இன்று தீராத வினா.

“இதனால் எங்கள் தீவுக்கு என்ன?” எனப் பெரியோர் கேட்பது நியாயமே. இன்றைக்கு விளக்கெரிக்க இது உதவாது. நன்னீர் அருமையான நெடுந்தீவிலே ஒரு கிலோ ஐதரசனுக்கு ஒன்பது கிலோ நீர் வேண்டும் என்பதையும் மறைப்பதற்கில்லை. கடல்நீரை அப்படியே பகுத்தால் குளோரீன் வாயுவும் எழும். அதற்கும் தகுந்த ஊக்கியே தேவை.

நண்பர்களே, பழுதானால் உதிரிப்பாகத்துக்குப் படகை எதிர்பார்க்கும் ஊர் நம்முடையது. இரசாயனம் பயிலும் நாம் எந்தப் புதுமையையும் “எவ்வளவு விரைவு?” என்று மட்டும் கேட்டு அமையலாகாது, “எத்தனை ஆண்டு? உப்புக் காற்றில் எத்தனை ஆண்டு?” என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவைக் கேட்கத் தீவாரைவிடத் தகுதியுடையார் யார்? அதற்கு விடைகாணும் ஆய்வுகூடங்களிலும் நம் பிள்ளைகள் இருத்தல் வேண்டும்.