எச்சரிக்கை ஒலியும் இயந்திரத்தின் ஆயுளும்

(மீன்வளப் பயிற்சி மாணவர்களும் அலுவலர்களும் பங்குகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற என்னை இயந்திரம் குறித்துப் பேச அழைத்துள்ளீர்கள். இயந்திரம் வாங்குவது முதலீடு. அது பழுதின்றி ஓடினால்தான் வருவாய். ஆகவே பழுதை முன்கூட்டியே உணர்த்தும் ஒலிப்பான் பற்றிப் பேசுவது என் துறைக்குப் புறம்பானதன்று.

1980களில் கேரளக் கடற்கரையில் நாட்டு வள்ளங்களில் வெளிப்பொருத்தும் இயந்திரங்கள் விரைவாகப் பரவின. இவற்றை வாங்க மத்திய, மாநில அரசுகள் மானியம் வழங்கின. மானியத்தால் இயந்திரம் கிடைத்தது; அதனைப் பேணும் அறிவு அதனுடன் தானாக வந்துவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சுற்றுப்பயணத்தில் ஒரு மீனவரைச் சந்தித்தேன். அவருடைய புதிய இயந்திரம் கடலில் இடைவிடாது ஒலித்ததாம். ஒலி தாளாமல் ஒலிப்பானின் கம்பியைப் பிடுங்கிவிட்டார். மூன்றாம் நாள் இயந்திரம் இறுகி நின்றது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

அந்த ஒலி கூறும் செய்தி பெரும்பாலும் இரண்டே: ஒன்று, இயந்திரம் மிகுதியாகச் சூடேறிவிட்டது, மற்றொன்று, மசகு எண்ணெய் குறைந்துவிட்டது. சில இயந்திரங்கள் அவ்வேளையில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனைப் பழுதென எண்ணி விசையைக் கூட்டுவது தவறு.

ஒலி எழுந்தவுடன் வேகத்தைக் குறைத்து, இயந்திரத்தின் பின்புறம் பீறிடும் சிறு நீர்த்தாரையைப் பார்க்க வேண்டும். தாரை இல்லையெனில் இயந்திரத்தை நிறுத்தி, மேலே சாய்த்து, நீர் உட்புகும் துளைகளில் சிக்கிய பாசியையோ பிளாஸ்டிக் பையையோ அகற்ற வேண்டும். தாரை வெளியேறும் சிறு குழாயில் மணலோ உப்போ அடைத்திருந்தால் அதனையும் நீக்க வேண்டும். அதன் பின்னும் நீர் வராவிடில் நீரேற்றியின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். நீரின்றிக் கரையில் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது அச்சக்கரத்தைச் சிறிது நேரத்திலேயே கெடுத்துவிடும்.

தாரை நன்கு வந்தும் ஒலி நீடித்தால் எண்ணெய் அளவைச் சோதிக்க வேண்டும். எண்ணெயும் சரியாக இருப்பின், நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வெப்பநிலைத் தடுக்கிதழ் உப்புப் படிந்து இறுகியிருக்கலாம். அல்லது உணர்கருவியின் கம்பி அரித்திருக்கலாம். இவை கரையில், பழுது நீக்குபவரிடம் பார்க்க வேண்டியவை. காரணம் தெரியும்வரை ஒலியைப் பொய்யெனக் கொள்ளலாகாது.

சாவியைத் திருப்பியவுடன் ஒருமுறை ஒலித்துக் காட்டும் வகை இயந்திரமாயின், அந்த ஒலி எழாதது ஒலிப்பானே பழுதுற்றதன் அடையாளம். கயிறிழுத்து இயக்கும் சிறு இயந்திரங்கள் பலவற்றில் ஒலிப்பானே கிடையாது. அங்கே நீர்த்தாரைதான் எச்சரிக்கை. கடலிலிருந்து திரும்பியதும் நன்னீரால் உட்புறத்தைக் கழுவும் பழக்கம் இத்தொல்லைகளுள் பலவற்றைத் தவிர்க்கும்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். மானியத்தில் இயந்திரம் வழங்கும் நாளிலேயே, மேற்கூறிய சோதனைகளை மீனவரின் தாய்மொழியில் ஒரே தாளில் அச்சிட்டுத் தாருங்கள். ரப்பர்ச் சக்கரம் அருகிலுள்ள கடையில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அச்சிறு பொருள் கிடைக்காமையால் பெரும் முதலீடு கரையில் துருப்பிடிக்க விடலாகாது.

மாணவர்களே, நாளை நீங்கள் செல்லும் கிராமங்களில் கம்பி பிடுங்கப்பட்ட ஒலிப்பான்களைக் காணக்கூடும். மீனவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கம்பியை மீண்டும் இணைத்து, அந்த ஒலியின் பொருளை அவருக்கு விளக்குங்கள்.