சிம் வாங்குமுன் வீட்டு வாசலில் நின்று பாருங்கள்
(மீளக்குடியமரும் குடும்பங்களுடனான சந்திப்பில் ஆற்றிய உரை)



வீடு, தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். எனக்குத் தந்திருப்பது சின்ன விசயம்: திரும்பிப் போகிற இடத்தில் எந்தக் கம்பனியின் சிம் எடுப்பது. இது சின்ன விசயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளைப் பக்கம் பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. எச்சரிக்கை கொழும்பில் இருந்து புறப்பட்டால் போதாது, நம்முடைய லயத்துக்கு வந்து சேரவும் வேண்டும்.

என்னுடைய கதையைச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு சிம் எடுத்தேன். கடைக்காரத் தம்பி, "அக்கா, ஊவா முழுக்க ஃபுல் சிக்னல்" என்றார். டேட்டாவும் இலவசமாகக் கிடைத்தது. மறுநாள் பசறைக்கு அப்பால் ஒரு டிவிஷனில் இறங்கினேன், ஒரு கோடுகூட இல்லை. பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறிப் போய்த்தான் அம்மாவுக்கு எடுத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கடைக்குள் ஃபுல் சிக்னல்தான்.

சிக்னல் டவரில் இருந்து பெரும்பாலும் நேர்கோட்டில் வரும். நடுவில் மலை நின்றால் தடுக்கும். அதனால்தான் மேல் லயத்தில் பேசலாம், கீழ் லயத்தில் பேச முடியாது. கம்பனிகள் காட்டும் வரைபடம் பெரும்பாலும் கணக்குப் போட்டுக் கீறியது, அதுவும் வெளியில் நிற்பவருக்கு. தகரக் கூரைக்குக் கீழே, கொங்கிறீட் சுவருக்குள்ளே அது குறையும்.

ஆகவே வீட்டை வைத்துப் பாருங்கள். போகிற இடத்தில் ஏற்கெனவே இருக்கிறவர்களிடம் ஒவ்வொரு கம்பனி சிம்மும் இருக்கும், கொஞ்ச நேரம் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே போனில் போட்டுப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் ஒரு போன் நாலு கோடு காட்டும் இடத்தில் இன்னொன்று இரண்டு காட்டும். கோட்டை நம்பாமல் பேசியே பாருங்கள். இரவில் தலை வைத்துப் படுக்கும் இடத்தில் இருந்து ஒரு தரம், வாசலில் ஒரு தரம், வேலைக்குப் போகும் மலையில் ஒரு தரம். கொழும்பில் இருக்கும் மகனை உங்களுக்கு எடுக்கச் சொல்லியும் பாருங்கள். இரவு ஏழு எட்டு மணிக்கு எல்லாரும் போனில் இருக்கும்போது கட்டாயம் பாருங்கள். மத்திய கிழக்கில் இருக்கும் மகளின் முகம் பார்த்துப் பேசுவது அந்த நேரத்தில்தானே.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி. அங்கே இருக்கிறவர்களிடம், "கரண்ட் போனால் எந்தக் கம்பனி சிக்னல் எத்தனை மணித்தியாலம் நிற்கும்?" என்று கேளுங்கள். டவரில் பற்றரி உண்டு, அது தீர்ந்து ஜெனரேற்றரும் இல்லை என்றால் டவர் செத்துப்போகும். வெயில் நாளில் முதலாவதாக இருக்கும் கம்பனி மழை நாளிலும் முதலாவதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. புயல் நேரத்தில் கடைசிவரை பேச முடிந்தவர் யார் என்று தோட்டத் தலைவரிடமும் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். எந்த விளம்பரத்திலும் இந்தப் பதில் கிடைக்காது.

இரண்டு சிம் போடும் போன் இருந்தால் இரண்டு கம்பனியாக எடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது, ஆகவே 077உம் 075உம் ஒரே கம்பனி. எடிசலாட் அதற்கு முன்பே ஹச்சோடு சேர்ந்தது, ஆகவே 078உம் 072உம் ஒன்று. மொபிட்டலுக்கு 071, 070. ஒரே கம்பனியில் இரண்டு சிம் வைத்திருந்தால் டவர் விழும்போது இரண்டும் ஒன்றாகவே விழும்.

உங்கள் போனில் "அவசர அழைப்பு மட்டும்" என்று காட்டினால், பெரும்பாலும் உங்கள் கம்பனிக்கு அங்கே சிக்னல் இல்லை, வேறு கம்பனிக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் ஒரு தடயம்தான். பேச்சு போகாத இடத்தில் எஸ்எம்எஸ் சில நேரம் போய்ச் சேரும், அதையும் முயன்று பாருங்கள்.

புது சிம் எடுத்தவுடன் பழையதை வீசாதீர்கள். வங்கியும் அஸ்வெசுமவும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் பழைய நம்பரைத்தான் எழுதி வைத்திருக்கின்றன. எல்லா இடத்திலும் மாற்றும் வரைக்கும் அதில் கொஞ்சம் ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் புது நம்பரைக் கொடுப்பதுதான் முதல் வேலை, எச்சரிக்கை வந்தால் அவர் கூப்பிடப் போவது அந்த நம்பருக்கு.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள், போன் இல்லாத ஆச்சிக்கும் தெரிய வேண்டும். சிக்னலே எட்டாத லயங்களும் உண்டு. அங்கே யார் ஓடி வந்து சொல்வது, கோயில் மணியை யார் அடிப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

என்னிடம் மூன்று கம்பனி சிம்மும் ஒரு போனும் இருக்கின்றன. இந்தக் கிழமை இடம் பார்க்கப் போகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு லயத்துக்கு ஒருவர் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தந்தால் சரி, அடுத்த டிவிஷன்காரர் காத்திருப்பார்கள்.