நிலம் இருந்தால்தான் வீடு!
(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச நமக்கு எத்தனையோ மேடைகள் உண்டு. இன்று நான் பேச வந்தது கூரையைப் பற்றி. வேலை இருக்கும்வரை நம் தலைக்கு மேல் இருந்து, வேலை முடிந்ததும் இல்லாமற்போகிற லயத்துக் கூரையைப் பற்றி.

லயத்து வீடுகளுக்கு இந்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. 2019இல் அதுவும் திருத்தப்பட்டது. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குத் தக்க வீடும் தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பதும், வீட்டைப் பழுதுபார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்கிறது சட்டம். நல்லதுதான். கூரை ஒழுகினால் இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். அது சலுகையன்று, உரிமை.

ஆனால் அந்தச் சட்டம் வீட்டைத் தருவது தொழிலாளிக்கு. தொழிலாளி என்ற பெயர் போய்விட்டால்? தனியார் துறையில் ஓய்வு வயது 60க்குக் குறையக் கூடாது என்பது 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதி. அந்த வயது வந்து, வெட்டுக்கத்தியைக் கீழே வைக்கும் நாளில், சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷம் வாடகையில்லாமல் இருந்தோமே என்று மகிழ்ந்தவர், அன்று கணக்குப் பார்த்தால் தமக்கென்று ஒரு செங்கல்கூட மிஞ்சியிருக்காது.

“ஏழைகளுக்குச் சர்க்கார் வீடு கட்டித் தரவில்லையா?” என்று கேட்பீர்கள். தருகிறது. கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழ் வீட்டு உதவித் திட்டம் இருக்கிறது. பி.பி.ஆர்.டி. என்று முன்பு நாம் கேள்விப்பட்டது இந்த வகையைச் சேர்ந்ததுதான். பரம ஏழைக் குடும்பத்துக்குப் புது வீடு கட்டித் தருவார்கள். இடிந்த வீட்டைப் பழுதுபார்த்தும் தருவார்கள். இது கடனன்று, உதவி.

ஆனால் அந்த மனுவோடு நீங்கள் போய் நின்றால், வருமானத்தைக் கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்பார்கள்: “வீடு கட்ட நிலம் எங்கே? உம் பெயரில் பட்டா உண்டா? இல்லையேல் நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் உண்டா?” ரூமா மெஸ்ரா ரக்யாட் என்ற திட்டமும் அப்படியே. சொந்த நிலம் வைத்துக்கொண்டு வீடில்லாமல் இருப்பவருக்குத்தான் அது.

தோழர்களே, இங்கேதான் நம் கால் தடுக்குகிறது. கம்பத்தில் இருக்கும் ஏழைக்குப் பாட்டன் விட்டுப்போன கால் காணியாவது இருக்கும். அவர் மனு நகர்கிறது. அவரைப் போலவே வருமானம் குறைந்த நம் தோட்டத்து ஏழைக்கு, அடுப்பு வைத்த இடமும் கம்பெனியின் நிலம். அவர் மனு நிற்கிறது. கம்பத்து ஏழைக்குக் கிடைப்பது அவருக்கு உரியதே. அதில் நமக்குப் பொறாமை வேண்டாம். நமக்குக் கிடைக்காத காரணத்தை மட்டும் சரியாகப் புரிந்துகொள்வோம். வீட்டு உதவிப் பணம் மத்திய சர்க்காரிடம். நிலம், அரசியல் சட்டப்படி, மாநில சர்க்காரின் அதிகாரம். நாம் குடியிருக்கும் மண்ணோ தனியார் சொத்து. மூன்று வாசல்களுக்கு நடுவே தொழிலாளி நிற்கிறான்.

நிலம் நமக்கு எட்டாக் கனி என்று சோர்ந்துவிட வேண்டாம். 1950களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றபோது நம்மவர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது, 1960இல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தச் சிறு பணம் தோட்டங்களையே வாங்கியது. தனியாள் கையில் பத்து வெள்ளி செலவாகிவிடும். சங்கத்தின் கையில் அது நிலமாகும்.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, குடும்பத்தில் எங்கேனும் துண்டு நிலம் உண்டா என்று தேடுங்கள். இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே பட்டா கிடக்கலாம். சிறிய சொத்தாக இருந்தால் நில அலுவலகத்திலேயே வாரிசுகளுக்குப் பிரித்து எழுதிக்கொள்ள வழியுண்டு. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. அண்ணன் தம்பி சண்டையில் பட்டாவை ஊறப்போடாதீர்கள்.

இரண்டாவது, ஏழைக் குடும்பங்களின் பெயர்ப் பதிவாகிய இ-காசே பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத ஏழை, சர்க்கார் கண்ணுக்கு ஏழையல்லர்.

மூன்றாவது, சேமநிதிப் பணத்தில் வீட்டுக்கென்று எடுக்கத்தக்க பகுதி உண்டு. 2024 மே மாதம் முதல் அது செஜாத்ரா கணக்கில் இருக்கிறது. அதை மோட்டார் சைக்கிளுக்கும் கலியாண விருந்துக்கும் கணக்குப் போடாதீர்கள்.

நான்காவது, தோட்டம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்த அன்றே கிளைக்குத் தெரிவியுங்கள். வீட்டைப் பற்றிய உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். மண்வாரி இயந்திரம் வந்தபிறகு பேசுவது பேச்சுவார்த்தையாகாது, கெஞ்சலாகும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. எழுதத் தெரிந்த கை உங்களுடையது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்து மண்டபத்தில் உட்கார்ந்து, பத்துக் குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். நகலையும் வாங்கி வையுங்கள். பெரிய தொண்டு வேறு வேண்டியதில்லை. உங்கள் குவார்ட்டர்ஸும் கம்பெனி வீடுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஒரு தீர்மானத்தை உங்கள்முன் வைக்கிறேன். தோட்டத்து எல்லையில் ஓய்வுபெறும் தொழிலாளர்களுக்கு மனைநிலம் ஒதுக்க மாநில சர்க்காரைக் கேட்போம். அந்த மனையில் வீடெழுப்ப மத்திய சர்க்காரின் உதவியைக் கேட்போம். நிலமும் பணமும் ஒரே மனுவில், ஒரே குரலில் கேட்கப்படட்டும். ஊருக்கெல்லாம் ரப்பர் கொடுத்த தொழிலாளி, தன் முதுமையைச் சொந்தத் திண்ணையில் கழிக்கக் கேட்பது பேராசையன்று.

இத்தீர்மானத்தை ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள். உயர்த்திய கையோடு, நாளையே பட்டாவைத் தேடத் தொடங்குங்கள்.