இரும்புச் சட்டம்

1980ஆம் ஆண்டு வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் ஏறிச் செல்லத்தக்க முதல் இந்திய மொபெட். காதர்பேட்டையில் மொபெட்டுக்கு வாய்த்த பணியோ பனியன் மூட்டை சுமப்பது. பின்னிருக்கையைக் கழற்றி, இரும்புச் சட்டம் பற்றவைத்து ஓட்டினர்.

அத்தகைய பழைய வண்டியை வாங்கி வீட்டு முற்றத்தில் புதுக்குவோர் முதலிற் காண்பது கரியையே. பெட்ரோலுடன் எண்ணெயும் கலந்தெரியும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அது. (‘ஈரடி’ எனப் பெயர்த்தால் குறளோ எனப் புலவர் மயங்கக்கூடும்!) புகை வெளியேறும் துளையிலும் சைலன்சரிலும் கரி படியப் படிய இழுவை குன்றும். அதைச் சுரண்டியெடுத்து, கார்புரேட்டரின் நுண்துளையைக் கழுவி ஊதினாலே பல வண்டிகளுக்குப் பாதி உயிர் மீளும். அதற்குள் பழைய இரும்புக்குப் போடுவது பெரும்பிழை.

பிறகுதான் சிக்கல். அந்தச் சட்டத்தை அறுப்பதா, வைத்துக்கொள்வதா? பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆலை தந்த உருவே மூலபாடம் என்போர் அறுத்துவிடுகின்றனர். ஆயினும் உழைத்தவன் எழுதிய பாடபேதம் அந்த இரும்பில்தான் இருக்கிறது. அறுத்ததை எடைக்குப் போட மனமின்றிப் பரணில் ஏற்றியோரும் உண்டு. மூட்டைக் கயிறு உராய்ந்த தடம் அதில் இன்னும் பளபளக்கிறது.