இரண்டு கண்களும் பன்னிரண்டு கைகளும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



சென்ற மாதம் நமது சங்கக் கூடத்தில் திரையிடப்பெற்ற படத்தைப் பற்றியும், அதை இரசிகர்கள் ஏற்றுக்கொண்ட விதத்தைப் பற்றியும் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். நான் கலை விமரிசகன் அல்லன். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு பொழுதைக் கழிப்பவன். ஆயினும் இந்த மராட்டிய மண்ணில் பிழைக்க வந்த நாம், இம்மண் ஈன்ற பெருங்கலைஞர் ஒருவரை நினைவுகூர்வது நமது கடமை என்று கருதியே இம்மேடையில் நிற்கிறேன்.

நாம் கண்ட படம் 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த "தோ ஆங்கேன் பாரா ஹாத்". இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள் என்பது அத்தலைப்பின் பொருள். அதை இயக்கியவரும் அதில் கதாநாயகனாக நடித்தவரும் வி. சாந்தாராம் அவர்களே. 1901-ஆம் ஆண்டில் கோலாப்பூரில் பிறந்த அவர், இளம் வயதில் ஹூப்ளி இரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பது நம் காலனியில் உள்ளோர் அனைவரும் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தியாகும். 1920-இல் பாபுராவ் பெயின்டரின் படக் கம்பெனியில் சேர்ந்து தொழில் பயின்றார். 1929-இல் நண்பர்களோடு பிரபாத் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1934-இல் வெளிவந்த "சீதா கல்யாணம்" என்னும் தமிழ்ப் படம் அந்தப் பிரபாத் கம்பெனி தயாரித்ததே. பாபநாசம் சிவன் அவர்கள் திரையுலகில் அடியெடுத்து வைத்ததும் அப்படத்தில்தான். ஆகவே, தமிழருக்கும் அந்த நிறுவனத்துக்கும் உள்ள உறவு பழைய உறவேயாகும்.

படத்தின் கதையை அன்று வர இயலாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஆதிநாத் என்னும் சிறை அதிகாரி, கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற ஆறு கைதிகளை, மேலதிகாரியின் அனுமதியோடு, ஒரு பாழடைந்த நிலத்திற்கு அழைத்துச் செல்கிறார். அங்கே விலங்கு இல்லை, மதில் இல்லை. மண்ணைத் திருத்திக் காய்கறி பயிரிடுகிறார்கள். ஒரு சமயம் தப்பியோட முயலும்பொழுது, அந்த அதிகாரியின் கண்கள் தங்களைப் பின்தொடர்வதாகவே உணர்ந்து திரும்பி வருகிறார்கள். விளைந்த காய்கறியை நியாய விலைக்குச் சந்தையில் விற்கிறார்கள். அது அங்கே கொள்ளை இலாபம் அடித்து வந்த வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய ஆட்கள் அடிக்கிறார்கள். கையோங்குவதில்லை என்று வாக்களித்த அறுவரும் அடிகளைத் தாங்கி நிற்கிறார்கள். இறுதியில், பயிரை அழிப்பதற்காக ஏவப்பட்ட மாடுகளோடு போராடி ஆதிநாத் உயிர் துறக்கிறார். விடுதலை பெற்ற அறுவரும் அந்த நிலத்தைவிட்டு அகலாமல் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

இது வெறுங்கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். அவுந்து என்ற சிறிய சமஸ்தானத்தில், இன்றைய சாங்லி மாவட்டத்து ஆட்பாடிக்கு அருகில், சுதந்திரபூர் என்னும் திறந்தவெளிச் சிறை 1939-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. கைதிகள் அங்கே மதிலின்றி வாழ்ந்து பயிர் செய்தனர். அந்தச் சோதனையை அடிப்படையாகக் கொண்டே மராட்டியக் கவிஞர் ஜி. டி. மாட்கூல்கர் இக்கதையை எழுதினார்.

இனி, இரசிகர்களைப் பற்றிப் பேசுவோம். 1955-இல் சாந்தாராம் அளித்த படம் வண்ணத்தில் எடுக்கப்பட்ட நாட்டியப் படம். அதன் கண்கொள்ளாக் காட்சியில் மயங்கிய மக்கள் முன், இரண்டே ஆண்டுகளில், கறுப்பு வெள்ளையில் ஆறு கொலைகாரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார் அவர். மக்கள் அவரைக் கைவிடவில்லை. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1958-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசும், 1959-இல் அமெரிக்காவின் கோல்டன் குளோப் விழாவில் சாமுவேல் கோல்ட்வின் பெயரால் அமைந்த பரிசும் வந்தன. ஆனால் இவற்றைக்காட்டிலும் பெரிய பரிசு ஒன்றை மக்களே அளித்தார்கள். வசந்த தேசாய் இசையமைத்து, பரத் வியாஸ் இயற்றி, லதா மங்கேஷ்கர் பாடிய அப்படத்தின் பிரார்த்தனைப் பாடல், பல பள்ளிக்கூடங்களில் காலை வழிபாட்டுப் பாடலாயிற்று. நம் காலனிக் குழந்தைகளிலும் பலர், படத்தின் பெயரை அறியாமலே அப்பாடலை அறிவார்கள். சினிமாப் பாட்டு என்று ஒதுக்கிவிடாமல் அதைப் பிரார்த்தனையாக ஏற்றுக்கொண்ட இரசிகர்களை நாம் எளிதாக எண்ணிவிட முடியாது.

அந்த வெற்றிக்குச் சாந்தாராம் கொடுத்த விலையும் சிறிதன்று. மாட்டோடு பொருதும் காட்சியில் அவருக்குக் கண்ணில் பலத்த காயம் ஏற்பட்டது. சில காலம் கண் கட்டப்பட்டுப் பார்வையின்றி இருந்தார். 1959-இல் வெளியான "நவரங்" படத்தின் தொடக்கத்தில் அவரே தோன்றி அதைக் குறிப்பிடுகிறார். கண்களைப் பற்றிய படம் எடுத்தவருக்கே கண்ணுக்கு ஆபத்து நேர்ந்தது!

தமிழிலும் இக்கதை வந்தது. 1975-இல் கே. சங்கர் இயக்கத்தில் எம். ஜி. ஆர். நடித்த "பல்லாண்டு வாழ்க" அது. அதில் கைதிகளாக வந்தவர்கள் யாவர்? நம்பியார், பி. எஸ். வீரப்பா, ஆர். எஸ். மனோகர், தேங்காய் சீனிவாசன், வி. கே. ராமசாமி, குண்டுமணி. இவர்களுள் நம்பியாரும் வீரப்பாவும் மனோகரும் பல ஆண்டுகளாக வில்லன் வேடம் தாங்கி, நம் தாய்மார்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் திரையில் தோன்றிய மாத்திரத்திலேயே "இவன் கெட்டவன்" என்று தீர்ப்பெழுதப் பழகியிருந்தது நம் கூட்டம். அத்தகையவர்கள் மனந்திருந்தி நிற்பதைக் காணும்பொழுது, திருந்த வேண்டியவர்கள் திரையில் உள்ளவர்கள் மட்டுமல்லர், பார்க்கும் நாமும்தான் என்பது புலனாகிறது. முகத்தைப் பார்த்தே முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் உள்ள பழக்கமன்றோ?

சென்ற மாதக் காட்சிக்கு வருகிறேன். அறுவரும் சந்தையில் அடிபடும்பொழுது, பின்வரிசையில் இருந்த நம் இளைஞர்கள், "திருப்பி அடி!" என்று குரல் கொடுத்தார்கள். அதில் தவறில்லை. பல படங்களில் கண்ட வழக்கம் அது. ஆனால் அடி விழ விழக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் கூடம் முழுவதும் மௌனம் நிலவியது. அந்த மௌனமே இப்படத்தின் வெற்றி என்று நான் கருதுகிறேன்.

காட்சி முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் பலவகைக் கருத்துகள் எழுந்தன. "கதாநாயகன் ஏன் சாகவேண்டும்? வென்றிருக்கக் கூடாதா?" என்றான் கல்லூரி மாணவன் ஒருவன். தம்பி! அதிகாரி உயிரோடு இருக்கும்வரை அந்த அறுவர் அவருக்கு அஞ்சி நல்லவர்களாக இருக்கிறார்களா, உள்ளபடியே நல்லவர்களாகிவிட்டார்களா என்பதை எவரும் சொல்ல முடியாது. அவர் மறைந்த பின்னும் அவர்கள் அந்த மண்ணைவிட்டுப் போகவில்லை என்பதில்தான் அவருடைய வெற்றி இருக்கிறது.

"கொல்லப்பட்டவர்களின் வீட்டார் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டார் பெரியம்மா ஒருவர். அன்று எழுந்த கேள்விகளுள் மிகக் கனமானது இதுவே. மன்னிக்கும் உரிமை அந்த வீட்டாருக்கே உரியது. அதை ஊரார் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சட்டம் விதித்த தண்டனையை ஒருவன் முழுதும் அனுபவித்து வெளியே வந்த பின்னர், அவனுக்கு வேலை கொடுப்பதா, மறுப்பதா என்பது ஊராரின் கையில் இருக்கிறது. மன்னிப்பு வேறு, வேலை வேறு. முன்னது நம்முடையது அன்று என்பதற்காகப் பின்னதை மறுப்பது நியாயமாகாது.

ஓய்வு பெற்ற கார்டு அண்ணாச்சி ஒருவர், "இதெல்லாம் சினிமாவுக்குச் சரி, நம் வாசலுக்குச் சரிப்படுமா?" என்றார். பலர் தலையசைத்தார்கள். அவர்களுள் படம் பார்க்கையில் கண்ணீர் விட்டவர்களும் இருந்தார்கள்.

அண்ணாச்சி கேட்ட கேள்வியை நான் மதிக்கிறேன். ஏனெனில் அது இன்று நம் வாசலிலேயே வந்து நிற்கிறது. சங்கக் கட்டடத்திற்கும் தோட்டத்திற்கும் ஆள் வேண்டும் என்று அறிவித்தோம். வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, சிறைத்தண்டனை முடித்து வந்த ஒருவருடையது. அதை அவர் மறைக்கவில்லை; முதல் பத்தியிலேயே தம் கையால் எழுதியிருக்கிறார். செயற்குழு அந்த விண்ணப்பத்தை இருமுறை ஒத்திவைத்துவிட்டது. "வேண்டாம்" என்று சொல்லவும் மனம் வரவில்லை. "வா" என்று சொல்லவும் துணிவு வரவில்லை.

அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டுபவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன். ஒரு மனிதனுடைய பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு வரி, அவன் அதன் பின்னர் செய்த இருபது ஆண்டு வேலையைக்காட்டிலும் பெரிய எழுத்தாகத் தெரியும். படிப்பவர் கண் நேரே அங்குதான் போகும். அந்த வரியை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வரிகளையும் படியுங்கள் என்றுதான் வேண்டுகிறேன்.

அச்சம் கொள்பவர்களை நான் குறை கூறமாட்டேன். நம் வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள்; இரவுப்பணிக்குச் செல்லும் ஆடவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படத்தின் தலைப்பை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஆதிநாத் தம் கண்களை மூடிக்கொண்டு அந்த அறுவரையும் நம்பவில்லை. இரவும் பகலும் அவர்களோடு இருந்தார், உழைத்தார், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே நம்பினார். அந்தப் பன்னிரண்டு கைகளுக்கும் வேலை கிடைத்ததற்கு அந்த இரண்டு கண்களே காரணம். இது படத்தில் மட்டும் நடப்பதன்று. இராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு அருகே சாங்கானேரில் 1963 முதல் நடைபெற்றுவரும் திறந்தவெளிச் சிறையில், கைதிகள் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். வெளியே சென்று வேலை செய்து திரும்புகிறார்கள். தண்டனைக் காலத்திலேயே அரசாங்கம் வைக்கும் நம்பிக்கையை, தண்டனை முடிந்த பின்னரும் நாம் வைக்க முடியாதா?

ஆகவே செயற்குழுவின் முன் என் யோசனையைப் பணிவுடன் வைக்கிறேன். முதல் மூன்று மாதங்கள் பகல் வேலை மட்டும் கொடுப்போம். தோட்டமும் கூடத்தின் முன்புறமும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். கூடத்தின் சாவி இப்பொழுது இருப்பவரிடமே இருக்கட்டும். ஏனையோருக்குத் தரும் கூலியையே அவருக்கும் தருவோம்; கடந்தகாலத்தைக் காட்டிக் குறைக்கலாகாது. உறுப்பினர் இருவர் நாள்தோறும் வந்து பார்த்து, மாத இறுதியில் குழுவிடம் அறிக்கை தரட்டும். மூன்று மாதங்கள் கழித்து, அவர் செய்த வேலையைப் பார்த்து முடிவு செய்வோம்.

ஒரு நல்ல படத்துக்கு இரசிகர்கள் கைதட்டுவது எளிது. கண்ணீர் விடுவதும் எளிது. சாந்தாராம் தம் கண்ணையே பணயம் வைத்து எடுத்த படத்திற்கு, நம் கைதட்டலும் கண்ணீரும் மட்டும் போதுமா என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மேற்பார்வைக்கு வேண்டிய இருவருள் ஒருவனாக என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். மற்றொருவர் இந்தக் கூடத்தில்தான் அமர்ந்திருக்கிறார் என்று நம்புகிறேன்.