பாலையில் நம் தோட்டம்



ஊர்ப்பாசத்தால் ஜோத்பூரிலும் நாம் வாழை வைக்க விரும்புகிறோம். ஆண்டு மழை 40 சென்டிமீட்டரை எட்டாத இவ்வூரில், வாழைக்கு வார்ப்பது அண்டை வீட்டாரின் குடத்து நீரன்றோ?

இங்குள்ளோர் ‘கேஜ்ரி’ எனப் போற்றும் மரம், விருத்தாசலத்தில் தலமரமாக விளங்கும் நம் வன்னியே. ஆழ வேரோடி, கோடையிலும் தழைப்பது. இதன் பிஞ்சுக்காயே ‘சாங்கரி’க் கறி. 1730-இல் அருகிலுள்ள கேஜட்லி கிராமத்தில், இம்மரங்களைக் காக்க பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் ஈந்தனர் என்பர்.

ஆகவே முற்றத்தில் வன்னியும், வேலியோரம் இலந்தையும், தொட்டியில் கற்றாழையும் வைப்போம். ஆடி மழையில் நடுக. கன்றருகே மண்பானையைப் புதைத்து நீர் நிரப்புக. கசியும் ஈரமே போதும். மல்லிகை வேண்டுவோர் ஒரு செடி வைத்து, அரிசி களைந்த நீரை வார்க்கலாம்.

நமக்குச் சோறிடும் மண்ணின் நீரைக் காப்பதே நாம் செலுத்தும் நன்றி.